லூதியானாவில் வென்ற மதுரை

2019இல் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியக் கால்பந்துப் பட்டங்கள் கிடைத்தன. மார்ச் மாதம் ஆண்களின் ஐ-லீக்கைச் சென்னை சிட்டி எஃப்.சி. வென்றது. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் என்று அது ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். மே மாதம் இந்திய மகளிர் லீக்கைச் சேது எஃப்.சி. வென்றது. 2016இல் தொடங்கிய மதுரைக் கழகம் அது; காரியாபட்டிப் பக்கமுள்ள பொறியியல் கல்லூரிக்காரர்கள் நடத்துவது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். ஆட்டம் நடந்த இடம் பஞ்சாபில் லூதியானா.

கோயம்புத்தூர்க்காரர்கள் டவுன் பஸ் ஏறிப் போய்த் தங்கள் மைதானத்தில் பட்டம் கிடைத்ததைப் பார்த்தார்கள். மதுரைக்காரர்களுக்கு அது கைபேசியில் வந்த செய்தி. ஏதாவது ஓர் ஊரில் எல்லா அணிகளையும் கூட்டிவைத்துச் சில வாரங்களில் ஆடி முடித்துவிடுவதுதான் அன்றைக்கு மகளிர் லீக்கின் வழக்கம். 2020இல் பெங்களூரு, 2022இல் புவனேஸ்வர், 2023இல் அகமதாபாத். ஆண்கள் லீக் ஊர் ஊராகப் போகும். பெண்கள் லீக் ஒரே இடத்தில் முகாம் போடும். செலவு குறையும் அல்லவா. 2022இல் பட்டத்தைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்றுச் சேது இரண்டாமிடம் பெற்றது. அதையும் மதுரை பார்க்கவில்லை.

இப்படி ஓர் அணி நம் ஊரில் இருக்கிறது என்று எங்கள் கல்லூரி ஓய்வறையில் ஒருநாள் பேச்சு வந்தது. விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் படிக்கும் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “அதெல்லாம் சரி மேடம், நம்ம ஊரு ஒரு புரொஃபஷனல் டீமைத் தாங்குமா?”

நியாயமான கேள்விதான். தமிழ் வாத்தியார் என்பதால் நான் முதலில் அந்த வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டேன். தாங்குவது என்றால் பாரத்தைச் சுமப்பது. விழாமல் பிடித்துக்கொள்வது. பொறுத்துக்கொள்வது. ‘பெண்டாட்டியைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறான்’ என்று ஒரு வீட்டில் பேசிக்கொண்டால் அதில் கொஞ்சம் பொறாமை இருக்கும், கொஞ்சம் செலவுக் கணக்கும் இருக்கும். அவர் கேட்டது செலவுக் கணக்கை. டிக்கெட் விற்குமா, விளம்பரம் தர ஆள் வருமா, மாதம் பிறந்தால் சம்பளம் போட முடியுமா. ஆண்கள் அணி என்றாலும் இதையே கேட்டிருப்பார். பெண்கள் அணி என்கிறபோது பொறுத்துக்கொள்வது என்ற பொருளும் ஓசைப்படாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

மதுரை சின்ன ஊரும் இல்லை, பெருநகரமும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 10 லட்சத்துக்குச் சற்று மேல். இந்த ஊரால் எதையெல்லாம் தாங்க முடிகிறது? அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்கென்றே ஓர் அரங்கம் திறந்தார்கள். 60 கோடி ரூபாய்க்கு மேல் அரசுப் பணம். 2025 அக்டோபரில் தனியார் கல்விக் குழுமம் ஒன்று கட்டிய கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் தோனி வந்து திறந்துவைத்தார். அந்த நவம்பர் கடைசியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு மதுரைக்கும் வந்தது. மூன்றும் இரண்டே வருடங்களுக்குள். இவற்றில் எதற்கும் ‘ஊர் தாங்குமா’ என்று யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை. எனக்கு மாட்டின் மீதோ மட்டையின் மீதோ வருத்தம் கிடையாது. கேள்வி எப்போது எழுகிறது, எப்போது எழாமலே போகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

செலவைப் பங்கு போடுவது மதுரைக்குத் தெரியாத வித்தையா என்ன. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து புறப்பட்டு வைகைக்கு வந்து திரும்பும் வழியெல்லாம் மண்டகப்படிகள், நூற்றுக்கணக்கில். ஒரு மண்டபம் ஒரு குடும்பத்தாருடையது, இன்னொன்று ஒரு சமூகத்தாருடையது, மற்றொன்று ஒரு தொழில் செய்வோருடையது. அந்த ஒரு நிறுத்தத்தின் செலவு அவர்கள் பொறுப்பு. பந்தல், பூ, மேளம், வந்தவர்களுக்குப் பானகம், நீர்மோர். மொத்தத் திருவிழாவையும் ஒரு தலையில் கட்டுவதில்லை. ஆண்டு தவறாமல் நடக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சீட்டுப் பிடித்தாவது மண்டகப்படிப் பங்கைக் கட்டிவிடுவார்கள். கடன் சொல்வது அவமானம்.

ஒரு கால்பந்துக் கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. சொந்த ஊரில் ஆறு ஆட்டம் என்றால் ஆறு மண்டகப்படி. ஒன்று நகைக்கடைத் தெரு. ஒன்று சுங்குடி வியாபாரிகள். ஒன்று மாட்டுத்தாவணிப் பழமண்டி. ஒன்று ஏதாவதொரு பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிகள். ஸ்பெயினில் எய்பார் என்றோர் ஊர் இருக்கிறது, மக்கள்தொகை 27,000 அளவு. நம் கணக்கில் பேரூராட்சி. அதன் கழகம் 2014இல் முதல் பிரிவுக்குத் தகுதிபெற்றபோது மூலதனம் போதாது என்று விதி குறுக்கே நின்றது. சின்னச் சின்னப் பங்குகளாக உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோரிடம் விற்றுப் பணம் சேர்த்து, பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் ஆடும் பிரிவில் 2021 வரை ஏழு பருவங்கள் ஆடினார்கள். அங்கே தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது, இங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் முதல் பணத்தைச் சேர்த்த முறை மண்டகப்படி முறைதான்.

மண்டகப்படியில் எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெருவுக்குள் சாமி திரும்பும், எந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடும் என்பதெல்லாம் சாதி பார்த்து ஓடுகிற விஷயம். பரிவட்டம் கட்டி நிற்கும் தலைகளில் ஒரு பெண் தலையை நான் பார்த்ததில்லை. இதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தால் கோல் போட்டவள் எந்த ஊர், என்ன ஆள் என்ற விசாரணையும் கூடவே வந்துவிடும். பங்கு மட்டும் போதும். பரிவட்டம் வேண்டாம்.

சரி, எவ்வளவு பணம்? 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மகளிர் லீக் கழகங்களுக்கு ஒரு விதி அறிவித்தது: குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும். மாதத்துக்கு 27,000 கூட வரவில்லை. பத்துப் பேருக்கு 32 லட்சம். பயிற்சியாளர், பயணம், சாப்பாடு, தங்குமிடம், காயத்துக்கு மருத்துவம் எல்லாம் இதற்கு மேல். 2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில்தான் மகளிர் லீக் முதன்முதலாகச் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறைக்கு வந்தது. ஏழு அணிகள், ஆளுக்கு ஆறு சொந்த ஆட்டங்கள். டிக்கெட் 50 ரூபாய், ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் என்று வைத்தால் ஆறு ஆட்டத்துக்கு 3 லட்சம். அதாவது ஆயிரம் பேர் ஒரு நாள் விடாமல் வந்து காசு கொடுத்தால் ஒரே ஒரு பெண்ணின் ஒரு வருடச் சம்பளம். அதிலும் 20,000 குறைகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சக ஆசிரியர் சிரித்தார். டிக்கெட்டை நம்பி அணி நடத்த முடியாது என்பதில் அவர் சொன்னது சரி. ஆனால் பெருநகரங்கள் மட்டும் எதை நம்பி நடத்துகின்றன? 2025இல் ஐ.எஸ்.எல். ஒப்பந்தச் சிக்கலில் தள்ளிப்போனபோது பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்திவைத்தது, சென்னையின் எஃப்.சி. செயல்பாட்டையே நிறுத்திவைத்தது. கோயம்புத்தூரில் பட்டம் வென்ற சென்னை சிட்டியில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அப்படியும் சில வருடங்களில் அந்தக் கழகம் ஐ-லீக்கிலிருந்து காணாமல் போனது. கூட்டமாக வந்து கைதட்டிய கோயம்புத்தூரை யாரும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகவில்லை.

“யார் மேடம் வந்து பார்ப்பாங்க?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு இங்கிலாந்தின் வடக்கே பிரெஸ்டன் என்ற ஆலை ஊர் நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறது. டிக், கெர் என்ற தொழிற்சாலையில் முதல் உலகப் போருக்குக் குண்டு செய்துகொண்டிருந்த பெண்கள் இடைவேளையில் பந்து உதைக்கத் தொடங்கினார்கள். 1917 கிறிஸ்துமஸ் நாளில் ஊரின் டீப்டேல் மைதானத்தில் ஆடினார்கள். பத்தாயிரம் பேர் வந்தார்கள். வசூல் காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்குப் போனது. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அதே பெண்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில்.  

அடுத்த வருடம், 1921 டிசம்பர் 5, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. பெண்களுக்கு இந்த ஆட்டம் ஆகாது, அறக்கொடை வசூலில் செலவுக் கணக்கு அதிகம் என்று இரண்டு காரணம் சொன்னது. பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று அது சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது. உறுப்பினர் கழகங்கள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்றது. அவ்வளவு போதுமாக இருந்தது. பெண்கள் பூங்காக்களுக்குப் போனார்கள், பொட்டல்களுக்குப் போனார்கள், ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். படிக்கட்டும் வேலியும் டிக்கெட் சாளரமும் உள்ள இடம் மட்டும் அவர்களுக்கு ஐம்பது வருடம் இல்லை. அந்த ஐம்பது வருடத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆங்கிலேயன் ‘பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது’ என்று மனதார நம்பியிருப்பான். அவன் போன எந்த ஸ்டேடியத்திலும் அப்படியோர் ஆட்டத்தை அவன் பார்த்திருக்க வழியில்லையே.

மதுரையின் அணியை லூதியானாவில் ஆடவைத்துவிட்டு மதுரையில் கூட்டம் வருமா என்று கேட்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இங்கே யாரும் தடை போடவில்லை. சிக்கனம்தான் பார்த்தார்கள்.

சொந்த ஊர் முறை வந்ததும் எல்லாம் நேராகிவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. முதல் மகளிர் லீக்கை 2017இல் வென்றது இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன். இம்பால் மதுரையைவிட மிகச் சிறிய நகரம். ஆனால் தேசிய மகளிர் பட்டத்தை இருபது தடவைக்கு மேல் வென்ற மாநிலத்தின் தலைநகரம். பெண்கள் கால்பந்து என்றால் இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டிய ஊர். 2023 டிசம்பரில் ஊர் ஊராகப் போய் ஆடும் லீக் தொடங்கியபோது அந்த ஏழு அணிகளில் மணிப்பூர் அணி ஒன்றுகூட இல்லை. அந்த மே மாதத்திலிருந்து மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். மற்ற அணிகளின் பட்டியல்களில் மணிப்பூர்ப் பெயர்கள் இருந்தன. பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் போய்ச் சேரவில்லை.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், இடதுகால் ஆட்டக்காரி. விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சி. ஒன்பதரைக்கு என் இலக்கண வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் கண்ணைத் திறந்தபடியே தூங்குவாள். அவள் போட்டிருந்த பூட்ஸ் பி.டி. மேடம் தன் காசில் வாங்கிக் கொடுத்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் புறப்படும் நாளில் அவளுடைய அம்மா அணி மொத்தத்துக்கும் இட்லி அவித்துக் கட்டி முதல் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் களையெடுக்கப் போவார். மூன்றாம் ஆண்டின் கடைசியில் என்னிடம் வந்து கேட்டாள்: “அம்மா, ஏதாவது கிளப்புக்கு டிரை பண்றதா, எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்கிறதா?”

அவளுடைய நோட்டில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு படம் ஒட்டியிருந்தது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். இந்திய அணிக்கு ஆடியவர், சேதுவுக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னையில் அவர் பணியில் இருந்தது செய்தியாக வந்தது. இவள் அவரை நேரில் பார்த்தது கிடையாது, ஆனாலும் ‘இந்து அக்கா’தான். இந்து அக்காவைப் போல இரண்டும் முடியாதா என்பது இவள் கேள்விக்குள் இருந்த கேள்வி.

‘புரொஃபஷனல்’ என்பதைத் தமிழில் ‘தொழில்முறை’ என்கிறோம். தொழில் என்றால் அதுவே சோறு போட வேண்டும். நாட்டுக்காக ஆடும் ஒருத்தி சீருடை போட்டுச் சாலையில் நின்றால்தான் சோறு நிச்சயம் என்றால், அந்த ஆட்டத்தைத் தாங்குவது கழகமா, காவல்துறையா? பி.டி. மேடத்தின் சம்பளத்தில் வாங்கிய பூட்ஸ் எந்தக் கணக்கில் வரும்? முதல் பஸ்ஸில் வந்த இட்லி? ‘ஊர் தாங்குமா’ என்று சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கம் சில பெண்கள் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு ரசீது கிடையாது.

அவள் அப்பாவிடம் நான் பேசினேன். வருடம் மூன்று லட்சத்து இருபதாயிரம் என்ற தொகையைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “எத்தனை வருசத்துக்கு டீச்சர்?” என்றார். ஒப்பந்தம் பருவத்துக்குப் பருவம் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில் ஓர் ஆட்டக்காரி உச்சத்துக்கு வருகிறாள். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்குவதும் அதே வயதில். அவள் எஸ்.ஐ. பரீட்சைக்குப் படித்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் முயன்றுகொண்டிருக்கிறாள். சனி, ஞாயிறுகளில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பெண்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறாள்.

அந்த ஆயிரம் பேர் விஷயத்துக்கு வருகிறேன். மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, லேடி டோக், பாத்திமா என்று பெண்கள் கல்லூரிகளுக்குப் பேர்போன ஊர் இது. நான் வேலை பார்ப்பது இவற்றில் எதிலும் இல்லை, ஆனால் எங்களிடமும் விடுதி நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். ஆயிரம் பேர் வேண்டுமென்றால் ஊரில் இருக்கிறார்கள், அதுவும் இந்த அணியில் தங்களைப் பார்க்கக்கூடிய வயதில். நகரத்து மைதானம் ஒன்றில் பெண்கள் போட்டி ஒன்று நடந்தபோது விடுதி மாணவிகளை அழைத்துப்போக அனுமதி கேட்டேன். ஆட்டம் மாலை ஐந்தரைக்கு. விடுதிக் கதவு ஆறு மணிக்கு.

விடுதிக் காப்பாளர் நோட்டை எடுத்தார். “விளையாடப் போறாங்களா மேடம்?”

“இல்ல, பார்க்க.”

“பார்க்கவா?”

அனுமதிப் படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்தில் வீட்டுக்கு, மருத்துவமனைக்கு, தேர்வுக்கு, கல்லூரி அணிக்கு என்று அச்சடித்திருந்தது. ஆடுகிற பெண்ணுக்கு ஓ.டி. கிடைக்கும், வருகைப் பதிவு கிடைக்கும். கல்லூரிக்குக் கோப்பை கொண்டுவருகிறவள் அவள். உட்கார்ந்து பார்த்துக் கத்திவிட்டு வருகிற பெண்ணுக்கு ஒரு கட்டமும் இல்லை. நான் காப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தி அரைமணி தாமதமாக வந்தால் வீட்டிலிருந்து வரும் போன் அவருக்குத்தான். சங்க அகப்பாடல்களில் தோழியரோடு பந்தாடித் திரிந்த பெண்ணை ஒரு கட்டத்தில் வீட்டுக்குள் நிறுத்திவிடுவார்கள். இற்செறிப்பு என்று பெயர். காதலுக்கு வரும் இடையூறாகத்தான் உரைகள் அதை விளக்கும். வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பந்து என்ன ஆயிற்று என்று ஒரு வருடம் ஒரு மாணவி கேட்டாள். பாடத்திட்டத்தில் அதற்கு விடை இல்லை.

‘பிற’ என்று கையால் ஒரு கட்டம் போட்டு, ‘கால்பந்து பார்க்க’ என்று எழுதிக் கொடுத்தேன். பெயர் கொடுத்தவர்கள் 64 பேர். வீட்டிலிருந்து சம்மதம் வந்தது 31 பேருக்கு. ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மைதானத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது; சாவி காவலரிடம், காவலர் டீக்கடையில். ஆட்டம் ஆறேகாலுக்குத்தான் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் எங்கள் பெண்கள் கைதட்டவே கூசினார்கள். இருபதாவது நிமிடத்தில் ஒருத்தி எழுந்து நின்று நடுவரைப் பார்த்து “யோவ், கண்ணு தெரியலையா?” என்று கத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தொரு பேரும் கத்தினார்கள். இரண்டாம் பாதி தொடங்கும்போது மணி ஏழே கால். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றிருந்த ஆட்டத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது.

அடுத்த முறைக்கு எட்டரை மணி வரை அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் முறை வீட்டில் சம்மதம் கிடைக்காதவர்களில் ஒன்பது பேரும் போட்டிருக்கிறார்கள். கடிதம் முதல்வர் மேசையில் இருக்கிறது.